நாலாம் நாள் மாப்பிள்ளை

பெண்வீட்டு உறவைச் சொல்லிக்கொண்டு புத்தளத்துக் கரையில இறங்கின முதல் ஆள் நீங்க இல்ல, மாப்பிள்ளை. உங்களுக்கு முன்னால ஒருத்தர் இறங்கிப்போட்டார். 1344ஆம் வருசம். பேர் இப்னு பதூதா.

மொரோக்கோக்காரர். மாலைதீவில காழியா இருந்து, அங்கத்தப் பெரிய குடும்பங்களில மாறி மாறிக் கலியாணம் முடிச்சு, கடைசியில மந்திரியோட முறுகிக்கொண்டு கப்பல் ஏறின மனிசன். போக இருந்தது மாபர் கரைக்கு, அதாவது இப்பத்தத் தமிழ்நாட்டுப் பக்கம். அங்க மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் இவருக்குச் சகலன். டில்லியில இவர் முடிச்ச பெண்ணுட சகோதரியைத்தான் சுல்தான் முடிச்சிருந்தார். காத்து கப்பலை இஞ்சால தள்ளிப்போட்டுது. அந்த நேரம் இந்தக் கரை யாழ்ப்பாணத்து அரசர் ஆரியச் சக்கரவர்த்திட கையில. கடலில கப்பல் மறிக்கிற ஆள் எண்டு மாலுமிக்குக் கை கால் நடுக்கம். 'என்னை மட்டும் இறக்கி விடு, நான் பாத்துக்கொள்றன்' எண்டு இவர் இறங்கினார். ஆர் நீ எண்டு கரையில கேட்டாங்க. மாபர் சுல்தானுட சகலன், அவரைப் பாக்கத்தான் போறன், கப்பலில இருக்கிறதெல்லாம் அவருக்குக் கொண்டுபோற சாமான் எண்டார். கத்தி உருவ வந்தவன் பாய் விரிச்சான்.

இதை நான் பள்ளிக்கூடத்தில அரைவாசி படிச்சது. மிச்சம் பள்ளிவாசல் திண்ணையில கேட்டது. பத்தலா எண்டு அவர் எழுதின ஊர் எங்கட புத்தளம்தான் எண்டு படிச்ச ஆக்களே சொல்றாங்க.

அரசர் பக்கத்தில இருத்தி வச்சுக் கதைச்சாராம். முத்து குடுத்தாராம். வெக்கப்படாம என்ன வேணுமெண்டாலும் கேளுங்க எண்டாராம். இவர் பொன்னும் கேக்கல்ல, காணியும் கேக்கல்ல. பாவாத மலையை, அதாவது சிவனொளிபாத மலையைப் பாக்கணும் எண்டார். ஒரு பல்லக்கு, வழி தெரிஞ்ச யோகிமார் நாலு பேர், பிராமணர் மூணு பேர், கூட்டுக்குப் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்க 15 பேர் எண்டு கூட்டி அனுப்பிவிட்டார் அரசர்.

நீங்க பல்லக்கைக் கவனிக்க வேணாம், அது உங்களுக்குக் கிடைக்காது. நாளைக் கவனியுங்க. அரசர் வீட்டில அவர் நிண்டது மூணு நாள். ஒவ்வொரு நாளும் மரியாதை கூடிக்கொண்டே போனது எண்டு எழுதி வச்சிருக்கார். கூடாமல் என்ன செய்யும்? நாலாம் நாள் ஆள் இல்லையே! விருந்தாளியைக் கவனிக்கிறது மூணு நாள், அதுக்கு மேல குடுக்கிறது சதக்கா எண்டு நபிமொழி இருக்கிறது அந்தக் காழிக்குத் தெரியாதா? மாலைதீவில ஒண்டரை வருசம் நிண்டார். பெண்வீட்டு ஆக்களோட மனஸ்தாபத்தோடதான் வெளிக்கிட்டார். பிறகு மாபருக்குப் போய்ச் சேந்து, சகலன்ட செலவில இருந்துகொண்டு, பழைய மாமனார் ஊருக்குப் படை அனுப்ப ரெண்டு பேரும் திட்டம் போட்டாங்க. கப்பலும் ஆயத்தமாம். சகலனுக்கு மௌத்து வந்தது, பிறகு இவருக்குக் காய்ச்சல் வந்தது, மாலைதீவு தப்பினது. எங்கட ஊரைப் பத்தி மட்டும் அந்த மனிசன் நல்லதா எழுதினதுக்குக் காரணம், நேரத்தோட வெளிக்கிட்டதுதான்.

இப்ப உங்கட கதைக்கு வாறன். ஹஜ்ஜுப் பெருநாளோட அஞ்சு நாள் கற்பிட்டியில நிக்கப் போறீங்க எண்டு பேத்தி போன்ல சொன்னாள். அஞ்சு நாள். மூணு நாளைக்கு உங்களுக்குப் பெரிசாப் புத்தி சொல்லத் தேவையில்ல, நீங்க வாயைத் திறந்து மூடினாக் காணும். மிச்ச ரெண்டு நாளைக்குத்தான் உங்கட மாமிட சாச்சா நான் இந்தப் பாடு படுறன்.

முதல் நாள் உங்களை ஒண்டிலயும் கை வைக்க விடமாட்டாங்க. பெருநாள் தொழுகை முடிய முருங்கையடியில பாய் விரிச்சு உழ்ஹிய்யா இறைச்சி வெட்டுவாங்க. நானும் உதவி செய்யட்டா எண்டு நீங்க சட்டைக்கையை மடிச்சுக்கொண்டு போவீங்க. கத்தி தர மாட்டாங்க. சொப்பின் பேக்கை விரிச்சுப் பிடிக்கச் சொல்லுவாங்க. பிடியுங்க. வங்கியில மனேஜர் எண்டாலும் பெண்வீட்டு முருங்கையடியில உங்கட உத்தியோகம் அதுதான். விரல் பத்தும் மிஞ்சும்.

பிறகு சஹன், எல்லாரும் சுத்தி உக்காந்து ஒண்டாச் சாப்பிடுற பெரிய தட்டு. கொழும்பில மேசையில ஆளுக்கொரு பீங்கானில சாப்பிட்டுப் பழகினவர் நீங்க. கலியாண வீட்டில சஹனில உக்காந்திருப்பீங்க, அது வேற. அங்க பக்கத்தில இருக்கிறவன் உங்களைப் பாக்கிறதில்ல. இஞ்ச அஞ்சு பேரும் உங்களைத்தான் பாப்பாங்க. வெள்ளைத்துணி விரிச்சு, செம்பில தண்ணி கொண்டுவந்து கை கழுவ ஊத்துவாங்க. சோத்துக்கு மேல பொரிச்ச கோழி, ஒரு பக்கம் மாட்டிறைச்சி, ஒரு பக்கம் கத்தரிக்காய், நடுவில அச்சாறு. உங்கட பக்கத்துச் சோத்தில மட்டும் கை வையுங்க. உங்களுக்கு நேரா பெரிய மாமா இருப்பார். அவர்ட கண் கோழிக்காலில இருக்கும். கை அதைப் பிச்சு உங்கட பக்கம் தள்ளும். வேணாம் மாமா எண்டு திருப்பித் தள்ளினீங்க எண்டா அதை விடப் பெரிய துண்டு வரும். மூணாம் தரமும் தள்ளினா, எங்கட சாப்பாடு பிடிக்கல்லப் போல எண்டு சொல்லிப்போட்டு அவரும் கையை எடுத்திடுவார். அதோட அந்தச் சஹன் முடிஞ்சுது. ஆகவே முதல் தரமே வாங்கித் தின்னுங்க, எலும்பில ஒண்டும் மிச்சம் வைக்காதீங்க. மத்தாக்கள் நிப்பாட்ட முந்தி எழும்பினா சாப்பாட்டில குறை. எல்லாரும் நிப்பாட்டின பிறகும் உக்காந்து தின்னா, பெண்சாதி கொழும்பில சமைச்சுக் குடுக்கிறதில்ல எண்டு குசினிக்குள்ள முடிவெடுப்பாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவில ஒரு நிமிசம் இருக்கு. அதுக்குள்ள எழும்பிடுங்க.

ரெண்டாம் நாள் வீடு வீடாப் போறது. போற வீடெல்லாம் வட்டிலப்பம், போற வீடெல்லாம் இஞ்சி போட்ட பிளேன்டீ. வயிறு இடம் தராட்டி, எனக்குச் சீனி வருத்தம் எண்டு மட்டும் பொய் சொல்லிப்போடாதீங்க. நீங்க அடுத்த வீட்டு வாசலுக்குப் போக முந்தி அந்தச் செய்தி போயிருக்கும். பாகற்காய்ச் சாறு வடிச்சு வச்சுக்கொண்டு ஒரு மாமி நிப்பா. அது மட்டுமில்ல, இந்த வயசில சீனியா, கலியாணத்துக்கு முந்தி மறைச்சிட்டாங்களா எண்டு மூத்தம்மா வெத்திலையைத் துப்பிப்போட்டுக் கேப்பா.

பெரிய மாமாவும் சின்ன மாமாவும் கதைக்கிறதில்ல. ஒரு தென்னந்தோட்டத்து வேலிப் பிரச்சினை. ஒரே சஹனில சாப்பிடுவாங்க, ஒரே சஃபில தொழுவாங்க, கதைக்க மட்டும் மாட்டாங்க. 'மாப்பிள்ளை, மழை வந்தா அந்த வேலி விழுந்திடும் எண்டு சொல்லுங்க' எண்டு பெரியவர் உங்களைப் பாத்துச் சொல்லுவார். சின்னவர் உங்களுக்குப் பக்கத்தில இருப்பார். நீங்க சொல்ல வேணாம், அவருக்குக் கேட்டிட்டுது. சமாதானம் பண்ணி வைக்கப் போகவே போகாதீங்க. ரெண்டு பேரும் சேந்திட்டா, வேலி ஏன் இவ்வளவு நாள் இருந்தது எண்டு பழி போடுறதுக்கு ஒரு ஆள் வேணும். புதுசா வந்தது நீங்கதான்.

மூணாம் நாள் ஊர் பாக்கக் கூட்டிக்கொண்டு போவாங்க. டொல்பின் பாக்கணும் எண்டு நீங்க கேக்க முந்தியே சொல்றன்: இப்ப இல்ல. டொல்பின் கூட்டம் கூட்டமா வாறது நவம்பரில இருந்து ஏப்ரல் வரைக்கும்தான். இந்த வருசங்களில ஹஜ்ஜுப் பெருநாள் கச்சான் காத்துக்குள்ள வந்து விழுகுது. கச்சானில கண்டக்குழிப் பக்கம் பாக்கலாம், வெள்ளைக்காரப் பிள்ளைகள் இடுப்பில பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணிக்கு மேல ஓடுங்கள். எங்கட மீன்காரர் அந்தக் காத்துக்குத் தோணியை இழுத்துக் கட்டிப்போட்டு உக்காந்திருப்பாங்க. அதே காத்துக்குக் காசு குடுத்து அவங்க வாறாங்க. ஒல்லாந்தர் கோட்டையையும் காட்டுவாங்க. 1667இல கட்டத் தொடங்கினது. இப்ப உள்ளுக்குக் கடற்படை, அவங்களைக் கேட்டுத்தான் போகலாம். கோட்டை மதிலைப் பாத்திட்டு வரக்குள்ள ரோட்டில கழுதை நிண்டா ஹோர்ன் அடிக்காதீங்க. அதுகள் ஊருக்கு உங்களை விடப் பழசு.

கச்சானுக்குச் சாரம் கட்டத் தெரியணும். இதை நான் பகிடிக்குச் சொல்லல்ல. கொழும்பில கட்டுற கட்டு இஞ்ச நிக்காது. போன பெருநாளைக்கு ஒரு மாப்பிள்ளை கடற்கரையில ரெண்டு கையாலயும் சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட படம் இப்பவும் குடும்பத்து வட்ஸ்அப்பில சுத்துது. பேர் சொல்ல மாட்டன். உங்கட சகலன்தான்.

பெரிய விசயம் ஒண்டு மிச்சம் இருக்கு. மூணு நாள் முடிய, ஆலங்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில ரெண்டு நாளைக்கு அறை எடுக்கலாமா எண்டு பேத்தியைக் கேட்டிருக்கிறீங்களாம். வீட்டில ஆக்கள் கூட, கஸ்டம் குடுக்கக் கூடாது எண்டு சொன்னீங்களாம். நல்ல எண்ணம்தான். பேத்தி அதை அவள்ட உம்மாக்கிட்டச் சொல்லியிருக்கிறாள். மாமி ஒண்டும் சொல்லல்ல.

மாமி ஒண்டும் சொல்லல்ல எண்டா என்ன எண்டு உங்களுக்கு விளங்காது. நுரைச்சோலையில மூணு மெசின் இருக்கு, ஒண்டு 300 மெகாவோட். ஒண்டு நிண்டாலே கொழும்பில நீங்க மெழுகுதிரி தேடுறீங்க இல்லையா? மாமி கதைக்காமல் விட்டா அப்பிடித்தான், மாப்பிள்ளை. சத்தமில்லாமல் நிக்கும். முதல்ல குசினி இருளும், பிறகு மாமா இருளுவார், பிறகு சின்னம்மா ஆக்கள்ட வீடுகள் எல்லாம் ஒவ்வொண்டா அணையும். திருப்பி எடுக்க எத்தினை நாள் செல்லும் எண்டு எஞ்சினியருக்கே தெரியாது.

தனி அறை கேக்கிற நீங்க, தலவில அன்னம்மா கோயில் திருவிழா நேரம், ஜூலைக் கடைசி, ஓகஸ்ட்டில, அந்தப் பக்கம் போய்ப் பாருங்க. நீர்கொழும்பிலயிருந்து, சிலாபத்திலயிருந்து கத்தோலிக்கச் சனம் சட்டி பானையோட வந்து நாள் கணக்கில தங்கும். மரத்தடியில கூடாரம், அதுக்குள்ள மாமியார், மருமகன், மச்சாள்மார், கைக்குழந்தை, கோழி. ஒருத்தனும் தனி அறை கேக்கிறதில்ல. கேட்டா அன்னம்மாவே சிரிப்பா.

வீட்டில இடம் இல்ல எண்டது உண்மைதான். ஒரு பாத்ரூம், இருபது பேர். கிணத்துத் தண்ணி கொஞ்சம் உவர், சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்குதா எண்டு பாத்துக்கொண்டே நிண்டா வெளியில நிக்கிற ஆள் கதவில தட்டும். மூணு நாளைக்கு ஒருத்தரும் தட்ட மாட்டாங்க. மாப்பிள்ளை உள்ளுக்கு இருக்கிறார், சும்மா இருங்க எண்டு பிள்ளைகளை அதட்டுவாங்க. நீங்க துவாயைத் தோளில போட்டுக்கொண்டு ஆறுதலா வெளியில வருவீங்க. நாலாம் நாள் சுபஹுக்கு முந்தி, நல்லாக் கேட்டுக்கொள்ளுங்க, கதவில டமடமெண்டு தட்டு விழும். 'மச்சான், உள்ளுக்கு நித்திரையா?' எண்டு சின்ன மச்சினன் கத்துவான்.

அந்தத் தட்டுக்குத்தான் நாங்க எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறம். நீங்க கோவிச்சுக்கொண்டு முகத்தைத் தூக்கினீங்க எண்டா அடுத்த பெருநாளைக்கும் பிளாஸ்டிக் கதிரை, அதுக்கு அடுத்த பெருநாளைக்கும் பிளாஸ்டிக் கதிரை. சாகும் வரைக்கும் முன்னறையில விருந்தாளியா உக்காந்திருப்பீங்க. உங்களுக்கு முன்னால ஒருத்தரும் சண்டை பிடிக்க மாட்டாங்க, சுவையான கதை ஒண்டும் கதைக்க மாட்டாங்க. சிரிச்சுக்கொண்டு வெளியில வந்து, அடுத்தது ஆர் எண்டு கேட்டீங்க எண்டா, அண்டைக்குத்தான் உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சதா நாங்க கணக்கு வைக்கிறது.

அதுக்குப் பிறகு வேலை வரும். கோழிக்கால் வராது. வெங்காயப் பாத்திக்குத் தண்ணி பாய்ச்சப் போங்க எண்டு மாமா சொல்லுவார். மணல் நிலம், ஊத்த ஊத்த இழுக்கும், விடியக்காலம் தொடங்கினா வெயில் ஏறுறவரைக்கும் நிக்கணும். இல்லாட்டி களப்பில பிடிச்ச ஓரா ஒரு கோர்வை வந்திருக்கும், கழுவித் தாங்க எண்டு மாமி முன்னால வைப்பா. அவசரப்படாதீங்க. ஓராட முதுகிலயும் வயித்திலயும் முள்ளு இருக்கு, நஞ்சு முள்ளு. குத்தினா கை கடுக்கும். முதல்ல கத்திரியால முள்ளை ஓரமா நறுக்கிப்போட்டு, பிறகு வயித்தைத் திறக்கணும். தெரியாது எண்டா தெரியாது எண்டு சொல்லுங்க, ஏதாவது ஒரு மச்சாள் பறிச்சுக் கழுவித் தருவாள். யூடியூப்பில பாத்தனான் எண்டு சொல்லிப்போட்டுக் கையை விடாதீங்க. ஆசுபத்திரி வழியில நீங்க கத்துற சத்தம் பாலாவிச் சந்திக்குக் கேக்கும்.

குசினியில ரெண்டு கை இருக்கிறதையும் கவனிப்பீங்க. ஒரு கறி கற்பிட்டி, மற்றது மன்னார். சின்னம்மாட ஆக்கள் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபர் கடைசியில புலிகள் வடக்கு முஸ்லிம்களை, 70,000க்கு மேல சனத்தை, ஊரை விட்டு எழுப்பினாங்க. மன்னார்த் தீவு ஆக்கள் தோணியில ஏறி எங்கட கரையிலதான் வந்து இறங்கினாங்க. பிள்ளைகள் நனைஞ்சு, கிழடுகள் வாந்தியெடுத்து. நான் கரையில நிண்டனான். கொஞ்ச நாளைக்குத்தான், திரும்பிப் போயிடலாம் எண்டு ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கொண்டு இறங்கினாங்க. எங்கட ஊர் அண்டைக்கு வீட்டைத் திறந்து விட்டது, பள்ளிவாசலைத் திறந்து விட்டது, சோறு ஆக்கிப் போட்டது. மூணு நாளைக்கு நாங்க ஆரியச் சக்கரவர்த்திதான். அதுக்குப் பிறகு முணுமுணுப்பும் வந்தது, மறைக்க என்ன இருக்கு? கிணத்துத் தண்ணி, பள்ளிக்கூடத்தில இடம், கூலிவேலை. ஓலைக்கொட்டிலில வருசக்கணக்கா இருந்தாங்க. அகதி எண்டு கூப்பிட்ட வாயும் இந்த ஊரிலதான் இருந்தது. பிறகு அந்த வாய்களே அவங்க வீட்டில பெண் கேட்டுப் போனது. சிலர் மன்னாருக்குத் திரும்பிப் போயிட்டாங்க, சிலர் அங்கயும் இஞ்சயுமா இருக்கிறாங்க. சின்னம்மா இஞ்சயே நிண்டிட்டா. அவட புளியாணத்தை ஒருதரம் குடிச்சுப் பாருங்க, ஏன் நிப்பாட்டினம் எண்டு விளங்கும். எந்த ஊர் எண்டு மட்டும் அவவைக் கேக்காதீங்க. கேட்டா எருக்கலம்பிட்டி எண்டுதான் சொல்லுவா, அது மாமிக்குப் பிடிக்காது. ரெண்டு பேரும் முப்பது வருசத்துக்கு மேல ஒரே குசினி.

அஞ்சாம் நாள் போகக்குள்ள உங்கட காருக்குள்ள ஒரு பொதி கருவாடு ஏறும். மூணு சுத்துப் பேப்பர் சுத்தி, பொலித்தீன் போட்டுக் கட்டியிருப்பாங்க. சிலாபம் தாண்ட முந்தி மணக்கும். ஏசியைப் போட்டு யன்னலைச் சாத்தினா இன்னும் மணக்கும். வழியில எறிஞ்சிடலாம் எண்டு யோசிக்க வேணாம், வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் மாமி போன் எடுத்து முதல்ல கேக்கிறது நீங்க சுகமாப் போனீங்களா எண்டு இல்ல.

வரக்குள்ள பெரிய பரிசு ஒண்டும் வேணாம். கேக் வேணாம், சொக்லட் வேணாம். மூத்தம்மாவுக்கு நல்ல வெத்திலை ஒரு கட்டு, பாக்கோட. உங்களைப் பத்தின கடைசி முடிவு அவ வாயிலயிருந்துதான் வரும், வாய் சிவப்பா இருக்கக்குள்ள வந்தா நல்லது.

அந்த ஹோட்டல் அறையை இண்டைக்கே நிப்பாட்டுங்க. மாமிக்கு நான் சொல்லிக்கொள்றன், மாப்பிள்ளை பகிடிக்குக் கேட்டவர் எண்டு. முழுக் காசும் கட்டிப்போட்டீங்க, திருப்பித் தரமாட்டான் எண்டா, அறையை என்ட பேருக்கு மாத்துங்க. அஞ்சு ராவும் இந்த வீட்டில படுக்கப் பாய் கிடைக்காத ஒரே ஆள் நான்தான்.